மீரா: ஓர் ஆண்பெயரும் அதைத் திருத்துவோரும்

சென்ற வருடம் எங்கள் ஊர்ப் பாடசாலையொன்று தனது ஆண்டு நிறைவுக்கு மலரொன்று வெளியிட்டது. அச்சு நன்றாக இருந்தது. பழைய படங்களைத் தேடியெடுத்துப் போட்டிருந்தார்கள். ஆரம்பத்தில் காணி கொடுத்தவர்கள், கூரைக்குக் கிடுகு கொடுத்தவர்கள், சம்பளமில்லாமல் படிப்பித்தவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியலும் இருந்தது. அதில் எனது வாப்பாவின் பெயரைத் தேடினேன். இல்லை. மூத்தாப்பாவின் தலைப்பெழுத்தை வைத்து மறுபடியும் தேடியபோதுதான் அகப்பட்டது: "அ. அமீர் லெப்பை."

எனது வாப்பாவின் பெயர் மீராலெவ்வை. பிறப்புப் பதிவில் அது. கலியாணப் பதிவில் அது. வளவு உறுதியில் அது. அவர் மௌத்தானபோது பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்ததும் அதுவே. அமீர் லெப்பை என்று எங்கள் ஊரில் ஒருவர் இருக்கவில்லை.

மலரைத் தொகுத்தவர் எனக்குத் தெரிந்த பிள்ளைதான். படித்தவர், ஊர் வரலாற்றில் உண்மையான அக்கறையுள்ளவர். நேரே போய்க் கேட்டேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

"சேர், பிழையா எடுக்க வேணாம். மீரா எண்டா இப்பத்தய புள்ளைகளுக்குப் பொம்புளப் பேரு. வகுப்புல சிரிப்பாங்க. அதோட அது அரபுப் பேருமில்ல. கொடியேத்துற இடத்துல நேந்து வெச்ச பேரு. அதான் சரியான வடிவத்தப் போட்டம்."

பட்டியலை மறுபடி பார்த்தேன். வேலை ஒழுங்காக நடந்திருந்தது. மீராசாகிபு நாலு பேர் அமீர் ஸாஹிப் ஆகியிருந்தார்கள். மீராமுகைதீன், முஹம்மத் முஹ்யித்தீன் ஆகியிருந்தார். ஆதம்பாவாவுக்குப் பாவா போய்விட்டது. சீனித்தம்பி மட்டும் தப்பியிருந்தார். அவருக்கு ஒத்த அரபுப் பெயர் கிடைக்கவில்லைபோலும்.

தம்பி சொன்ன மூன்று காரணங்களும் அவருடையவை மட்டுமல்ல. திருமண வீடுகளிலும், பிள்ளைக்குப் பெயர் வைக்கும் இடங்களிலும், ஆய்வரங்குகளிலும்கூட நான் கேட்டவை. ஆகவே அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது பிரயோசனமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

*

முதலாவது, மீரா பெண்பெயர் என்பது.

மேவாரின் மீராபாய் பதினாறாம் நூற்றாண்டுக்காரர், கிருஷ்ண பக்தை. அவருடைய பெயர் தமிழ்க் காதுகளில் பரவலாக விழுந்தது எப்போது? 1945 இல் எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'மீரா' திரைப்படத்துக்கு இதில் பெரிய பங்குண்டு என்பது எனது அபிப்பிராயம். அதற்குப் பிறகு பிறந்த தமிழ்ப் பெண்பிள்ளைகளில் எத்தனையோ மீராக்களை நாம் காண்கிறோம். அந்தப் பெயரின் மீது எனக்கு மனக்குறை எதுவுமில்லை. ஆனால் அந்தப் படம் வரும்போது எனது வாப்பாவுக்குத் தாடி முளைத்துவிட்டது. அவருடைய மூத்தவர்களிலும் மீராசாகிபுகளும் மீராக்குட்டிகளும் மீராபிள்ளைகளும் இருந்தார்கள். இந்தக் கரையில் மீரா என்றால் வயலுக்குப் போகிற, தோணி தள்ளுகிற, பள்ளியில் மரைக்காராக இருக்கிற ஆண்பிள்ளை.

'ஆ' என்று முடிந்தால் பெண்பெயர் என்று ஒரு கணக்கும் இருக்கிறது. அப்படியானால் ஹம்ஸா (ரலி), தல்ஹா (ரலி), உஸாமா (ரலி) ஆகியோரை எங்கே வைப்பது? மூஸா, ஈஸா, யஹ்யா, ஸகரிய்யா என்ற நபிமார்களின் பெயர்களை என்ன செய்வது? தமிழிலும் ராசா என்பது ஆணல்லவா? ஓசையை வைத்துப் பெயருக்குப் பால் பார்ப்பது எந்த மொழியிலும் முழுதாகச் சரிவராது. ஒரு பெயர் ஆணா பெண்ணா என்பதை அதை வைத்துக்கொண்டிருக்கிற சமூகம்தான் தீர்மானிக்கிறது. எங்கள் சமூகம் தீர்மானித்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. நாம்தான் அயல்வீட்டுக் கணக்கை வைத்து நம் வீட்டுப் பிள்ளையை எண்ணுகிறோம்.

*

இரண்டாவது, அது அரபுப் பெயரல்ல என்பது.

இதில் பாதி உண்மை இருக்கிறது. அமீர் என்ற அரபுச் சொல் பாரசீகத்தில் மீர் எனக் குறுகியது. தலைவர், பெருமகன் என்ற பொருளில் அது மரியாதைப் பட்டமாயிற்று. வட இந்தியாவில் சையிது குடும்பத்தவரின் பெயருக்கு முன்னாலும் வந்து நின்றது. உருதுவின் பெருங்கவி மீர் தகீ மீர் (1723–1810) அதைத் தனது பெயரில் இரண்டு தரம் வைத்திருந்தார். மீரான் அதன் பன்மை. ஒருவரையே மிகுந்த மரியாதையோடு சுட்டவும் அது வழங்கியது. பக்தாதில் அடங்கியிருக்கும் முஹியித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்களையும், பதினாறாம் நூற்றாண்டில் நாகூரில் வாழ்ந்து அடங்கிய ஷாகுல் ஹமீது அவர்களையும் நம் முன்னோர் மீரான் என்றே பிரியத்தோடு சொன்னார்கள். மீரான் சாகிபு என்பது சொல்லிச் சொல்லித் தேய்ந்து மீராசாகிபு ஆனது. மீராலெவ்வை, மீராமுகைதீன் எல்லாம் அந்தக் கொடியில் காய்த்தவை.

ஆகவே மலர் தொகுத்த தம்பி 'அமீர்' என்று போட்டபோது, தெரிந்தோ தெரியாமலோ, சொல்லின் பாட்டனைக் கண்டுபிடித்துவிட்டார். அகராதிப்படி அது சரிதான். ஆளின்படி பிழை. ஒருவரின் பெயருக்குப் பதில் அவருடைய பாட்டனின் பெயரை எழுதிவிட்டு, இரத்தம் ஒன்றுதானே என்று சொல்வதுபோல் இருக்கிறது.

எனக்கு இதில் இன்னொரு வியப்பும் உண்டு. இந்தப் பெயர் தமிழ் எழுத்தில் எவ்வளவு இலேசாக உட்காருகிறது என்று பாருங்கள். ஹ வேண்டாம், ஸ வேண்டாம், ஷ வேண்டாம். மீ, ரா இரண்டும் நெடுங்கணக்கில் உள்ள எழுத்துகள். மீரான் என்றாலோ 'ஆன்' என்ற ஆண்பால் விகுதியே சேர்ந்துவிட்டதுபோல் ஒலிக்கிறது. அரபில் பிறந்து, பாரசீகத்தில் வளர்ந்து, தமிழுக்கு மருமகனாக வந்து, வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்ட சொல் அது. நம்முடைய இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் முழுவதும் இந்தவகைக் குடியேற்றம்தான். ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர் சீதக்காதியானார். குணங்குடி மஸ்தான் சாகிபு பாடியது 'முகியித்தீன் சதகம்'. நாகூர் ஆண்டகை பேரில் 'திருக்காரணப் புராணம்' பாடிய சேகனாப் புலவர், ஷெய்கு என்பது சேகு ஆகி, அதிலிருந்து கிளைத்த பெயரால்தான் புகழ்பெற்றார். 'நாகூர்ப் புராணம்' தந்த நாவலரின் பெயரைப் பழைய அச்சில் குலாம் காதிறு என்று வாசிக்கிறோம். கண்டியில் இருந்து சித்தி லெப்பை 1885 இல் வெளியிட்ட நாவலின் பெயர் 'அசன்பே சரித்திரம்'.

இந்த மலரின் தொகுப்பு முறைப்படி நாளைக்கு ஒருவர் அந்த நாவலைப் பதிப்பித்தால் அட்டையில் ஹஸன் பே என்று போடக்கூடும். அரபு உச்சரிப்புக்கு அது கிட்ட நிற்கும். ஆனால் 1885 இல் இலங்கை முஸ்லிம் ஒருவர் தமிழில் நாவல் எழுத உட்கார்ந்தபோது தனது கதைத்தலைவனை எந்த நாவால் கூப்பிட்டார் என்ற செய்தி அட்டையிலிருந்தே அழிந்துபோகும். கெய்ரோவில் பிறந்த கதைத்தலைவனுக்குக்கூட அவர் 'அசன்' என்று தமிழ் வாயால்தான் பெயர் சொன்னார். அந்த எழுத்துக்கூட்டல் அறியாமையில் வந்ததல்ல. அவர் அரபு அறிந்தவர். அரபு கற்பிக்க நூல் செய்தவர். தமிழ் வாசகனுக்குத் தமிழில் எழுதினார், அவ்வளவுதான்.

பழைய பிரதிகளைப் பதிப்பிக்கிறவர்களும் ஊர் வரலாறு எழுதுகிறவர்களும் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். பெயர் என்பது ஒரு ஆவணம். ஏட்டில் மீரா என்று இருந்தால் மீரா என்றே அச்சிட வேண்டும். அதன் மூலம் அமீர் என்று அடிக்குறிப்பு எழுதலாம், ஒரு பக்கம் விளக்கமும் எழுதலாம். மூலத்தில் கைவைக்கக்கூடாது. பேராசிரியர் உவைஸ் போன்றவர்கள் மறைந்து கிடந்த நம் நூல்களையும் புலவர்களையும் தேடித்தேடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு புலவரைத் தேடுகிறவனுக்குக் கையில் இருக்கும் முதல் நூலிழை அவருடைய பெயர்தான். அதை நாமே அறுத்துவிட்டால் நாளைக்குத் தேடுகிறவன் எதைப் பிடித்துக்கொண்டு போவான்?

நடைமுறைச் சங்கடமும் சிறியதல்ல. நான் பாடசாலையில் சேர்விடாப்பு எழுதியவன். பிறப்புப் பத்திரத்தில் மீராலெவ்வை, பிள்ளையின் விண்ணப்பத்தில் அமீர் லெப்பை, காணி உறுதியில் இன்னொன்று என்று வந்து நிற்கிற பெற்றோரை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். அசல் பெயரில் இருந்த மனிதன் தான்தான் என்று சத்தியம் செய்ய வேண்டிய நிலை.

*

மூன்றாவது காரணம் எல்லாவற்றிலும் பாரமானது. இது நேர்ச்சைப் பெயர், அகீதாவுக்குப் பொருந்தாது என்பது.

வாப்பாவுக்கு அந்தப் பெயர் வந்த கதையை மூத்தம்மா எனக்குச் சொல்லியிருக்கிறா. வாப்பாவுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் நாற்பது கழியுமுன் மௌத்து. மூன்றாவது வயிற்றிலிருக்கும்போது அவ கல்முனைக் கடற்கரைப் பள்ளிக்கு, கொடியேற்றக் காலத்தில், நடந்தே போயிருக்கிறா. "ஆம்புளப் புள்ளையாத் தங்கினா மீரா எண்டு கூப்புடுவன் எண்டு சொல்லிட்டு வந்த மனே. வேற என்னத்தக் குடுக்க? கையில ஒண்டும் இல்ல." இவ்வளவுதான் கதை.

அந்த நேர்ச்சை மார்க்கத்தில் சரியா என்ற விவாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு இருக்கிறது. இன்று ஒரு வாப்பா தன் பிள்ளைக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்று முடிவெடுத்தால் அது அவருடைய உரிமை. எனது மகனே தன் பிள்ளைக்கு வைக்கவில்லை. நான் முகம் சுளிக்கவுமில்லை. பெயர்கள் வரும், போகும்.

நான் கேட்பது வேறு கேள்வி. ஏற்கனவே வைக்கப்பட்ட பெயரை, அதை வைத்திருந்தவர் மண்ணுக்குள் போன பிறகு, மாற்ற நமக்கு யார் அதிகாரம் தந்தது? நபி (ஸல்) அவர்கள் சில பெயர்களை மாற்றியிருக்கிறார்கள், உண்மை. மாறு செய்பவள் என்ற பொருள்பட ஆஸியா என்றிருந்த பெண்ணுக்கு ஜமீலா என்று பெயரிட்டார்கள். பொருள் கெட்டிருந்தது, மாற்றினார்கள். மீரா என்ற பெயரின் பொருளில் அப்படி என்ன கேடு இருக்கிறது? தலைவர் என்பதுதானே? அமீர் கூடுமென்றால் மீர் ஏன் கூடாது?

இன்னொரு சம்பவமும் ஹதீஸில் வருகிறது. தாபியீன்களில் பேரறிஞரான ஸயீத் இப்னுல் முஸய்யிப் அவர்களின் பாட்டனார் பெயர் கரடுமுரடு என்ற பொருளுடையது. அதை இலகு என்ற பொருள்படும் ஸஹ்ல் என்று மாற்றிக்கொள்ளும்படி நபியவர்கள் சொன்னார்கள். என் தகப்பன் வைத்த பெயரை மாற்றமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். அந்தக் கரடுமுரடு எங்கள் குடும்பத்தில் தொடர்ந்தது என்று பேரன் பிற்காலத்தில் சொல்வார். இந்தச் சம்பவம் முழுக்க என் பக்கம் நிற்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மறுத்தது நல்லதாகப் போகவில்லை என்ற தொனி அதில் இருக்கிறது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே பெயருக்குரியவர் உயிரோடு எதிரில் இருந்தார். அவரிடம் சொல்லப்பட்டது. அவரால் மறுக்கவும் முடிந்தது. எனது வாப்பாவிடம் யாரும் கேட்கவில்லை.

*

இவ்வளவும் எழுதிவிட்டு ஒரு உண்மையை மறைத்தால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

எனது பெயருக்கு முன்னால் எம்.எல். என்று இருக்கிறது. நம் சமூகத்தில் பாதிப்பேருக்கு வாப்பா இரண்டு ஆங்கில எழுத்துக்குள்தான் குடியிருக்கிறார். எழுபதுகளில் நான் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தேன். முதல் கிழமையே ஒரு மாணவன் எம்.எல். என்றால் என்ன என்று கேட்டான். மீராலெவ்வை என்றேன். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "உங்கட வாப்பாவா, உம்மாவா?" என்று ஒருவன் கேட்டான். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் முகம்மது லெவ்வை என்று சொன்னேன். கொஞ்சக் காலம் கழித்துப் பத்திரிகையில் என் முதல் கவிதை வந்தபோது பெயரை விரித்து எழுதும்படி கேட்டிருந்தார்கள். அப்போதும் முகம்மது லெவ்வையின் மகன் என்றே எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் பத்திரிகையை வாப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தமிழ் நன்றாக வாசிப்பார். கவிதையை வாசித்தார். பெயரையும் வாசித்தார். ஒன்றும் சொல்லவில்லை. மடித்து, கைப்பெட்டிக்குள், காணி உறுதிகளோடு வைத்தார். அவர் மௌத்தான பிறகு பெட்டியைத் திறந்தபோது அது அப்படியே இருந்தது.

ஆகவே மலர் தொகுத்த தம்பி செய்ததை அவருக்கு முன்னாலேயே செய்தவன் நான். அவர் அறிந்தவரை நல்ல நோக்கத்தில் செய்தார். நான் வெட்கத்தில் செய்தேன். அவரைக் குறை சொல்ல எனக்கிருக்கும் உரிமை கொஞ்சம்தான். ஆனால் அந்தப் பெயரைத் திருத்துகிற கையில் எவ்வளவு அறிவு இருக்கிறது, எவ்வளவு வெட்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அரபு, அகீதா, சரியான வடிவம் என்றெல்லாம் நாம் சொல்கிறோம். அவற்றுக்கு அடியில் கிளறிப் பார்த்தால் யாரோ சிரிப்பார்களே என்ற பயம்தான் பல இடங்களில் கிடக்கிறது. தென்குமரிக் கரையில் பிறந்த தோப்பில் முஹம்மது மீரான் அதே பெயரோடு எழுதினார், 'சாய்வு நாற்காலி'க்கு 1997 இல் சாகித்திய அக்கடமி விருதும் பெற்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. தன் பெயரைத் தானே தாழ்த்தாதவனைப் பார்த்து ஊர் சிரிப்பதில்லை.

*

இந்தப் பெயர் ஆட்களோடு மட்டும் நின்றுவிடவுமில்லை. மீராவோடை என்று ஊர் இருக்கிறது. ஏறாவூரில் மீராகேணி இருக்கிறது. கண்டியில் மீராமக்காம் பள்ளி இருக்கிறது. காத்தான்குடியில் பெண்பிள்ளைகள் படிக்கிற மீரா பாலிகா இருக்கிறது.

அதே காத்தான்குடியில்தான் மீரா ஜும்ஆப் பள்ளியும் இருக்கிறது. 1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி இஷாத் தொழுகையில் நின்றவர்களை அந்தப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் வைத்து விடுதலைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர், சிறுவர்கள் உட்பட, ஷஹீதானார்கள். அதற்குப் பிறகு எங்கள் பகுதியில் மீரா என்ற சொல்லைக் கேட்டால் பலருக்கு முதலில் நினைவு வருவது அந்தப் பள்ளிதான். ஒரு சொல்லுக்குள் ஒரு சமூகம் தனது மூத்தவர்களையும், நேர்ச்சைகளையும், ஊர்களையும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும், தனது மையித்துகளையும் வைத்திருக்கிறது.

தம்பியிடம் கடைசியாக இதைத்தான் கேட்டேன். "மனே, மலர்ல அந்தப் பள்ளியப் பத்தி எழுத வேண்டி வந்திருந்தா அமீர் பள்ளி எண்டு போட்டிருப்பியா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது எப்புடி சேர், அது அந்தப் பள்ளிட பேரெலுவா" என்றார்.

"இதுவும் ஒரு ஆள்ற பேருதான்" என்றேன்.

மறு கிழமை வீட்டுக்கு வந்தார். விற்காமல் மீந்திருக்கும் பிரதிகளில் திருத்தத் துண்டு ஒட்டலாம் என்றும், என்ன எழுதுவது என்று சொல்லும்படியும் கேட்டார். மீராசாகிபு நாலு பேருடைய பெயரையும், மீராமுகைதீனையும், ஆதம்பாவாவையும் எழுதிக் கொடுத்தேன். கடைசியில் வாப்பாவுடையதையும் எழுதினேன். இருவரும் உட்கார்ந்து பசை பூசி ஒட்டினோம்.

ஏற்கனவே வாங்கியவர்களிடம் துண்டு போய்ச் சேராது. இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களில் யாரிடமாவது அந்த மலர் இருந்தால் பேனையால் திருத்திக்கொள்ளுங்கள். அமீர் லெப்பை என்பதை மீராலெவ்வை என வாசிக்கவும். எழுபதுகளில் எனது கவிதையின் கீழே முகம்மது லெவ்வையின் மகன் என்று வாசித்தவர்கள் யாராவது இன்னும் இருந்தால், அவர்களும் அப்படியே திருத்திக்கொள்ள வேண்டும்.